மாமனார் செய்த பெட்டி

அன்று ஆலோசனை அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர்: பெட்டி செய்த மாமனார், அதற்குள் போகும் மதர்போர்டை வரைந்த மூத்த மாப்பிள்ளை, விற்பனையைக் கவனிக்கும் இளைய மாப்பிள்ளை, வயரிங் பார்க்கும் மூத்த மகள், கதவோரம் வாட்ச்மேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அறைப் பக்கமே வராதவர்களெல்லாம் நேரில் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

மேசைமேல் இருந்த சர்வர் பெட்டிக்கு மூன்று விரல் உயரம்தான். அலமாரியில் தட்டுத் தட்டாக அடுக்க வேண்டும் என்பதால் அவ்வளவு ஒல்லி. அதன் மூடி மூடவில்லை. மூன்றாவது போர்டுக்கும் மூடவில்லை.

"அழுத்திப் பாருங்க மாப்பிள்ளை," என்றார் மாமனார்.

"அழுத்தினா விசிறி நின்னுடும் மாமா."

"போன தடவை கார்டுன்னீங்க. இப்போ விசிறியா?"

சுவரின் உச்சியில் கடிகாரம் மூன்றரை காட்டியது. அது எப்போதும் சரியாகவே காட்டும். ஒரு நிமிஷம் பிந்தினாலும் மாமனாருக்குப் பொறுக்காது. அதை வேறு யாரையும் தொடவிடவும் மாட்டார். அவரைக் குள்ளம் என்று சிலர் சொல்வதுண்டு. நிமிர்ந்து நிற்கிற மனிதருக்கு உயரம் ஒரு குறையல்ல.

மாலையில் வாடிக்கையாளர் வருகிறார். அதற்குள் மூடி மூடாவிட்டால் வரைபட மேசை இளைய மாப்பிள்ளைக்கு. மூத்தவர் விற்பனைக்குப் போய் ஃபோனில் சிரித்துப் பேச வேண்டும். அவருக்குச் சிரிப்பு வராது. கல்யாண ஆல்பத்தில்கூட இல்லை.

அவர் முதலில் வரைந்த போர்டு அழகானது. நிமிர்த்திச் செருக வேண்டிய கார்டு ஒல்லிப் பெட்டியில் நிற்காது என்பதால், இடையில் ஒரு சின்ன ரைசர் பலகை வைத்து அதைப் படுக்கப் போட்டிருந்தார். கம்ப்யூட்டர் படத்தில் கச்சிதமாகப் பொருந்தியது. பெட்டியில் வைத்தால் கார்டு மூடியில் இடித்தது.

ரைசரைக் குட்டையாக்கினார். கார்டு இறங்கிப்போய் மெமரி வரிசையின் மேல் உட்கார்ந்தது. மெமரியை அந்தப் பக்கம் தள்ளினார். அங்கே பவர் சப்ளையின் அனல். அனலுக்குப் பெரிய விசிறி போட்டார். நடுவில் வைத்த விசிறி இப்போது மூடியில் உரசி, பல் கடிப்பதுபோல் சத்தம் போட்டது.

"சகலை, அடுத்து என்ன பண்ணப் போறீங்க?" என்றார் இளையவர். "பெட்டிக்கு வெளியே போர்டை வெச்சு ஒரு கயிறு கட்டிடலாமா?"

"உங்க வாயை உள்ளே வெச்சா விசிறியே தேவைப்படாது."

"சபையில பேசற பேச்சா இது?" என்றார் மாமனார்.

மூத்த மகள் கையிலிருந்த வயரைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, பெட்டியை யாராவது அளந்தீங்களா?"

அந்தக் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகத் தகரம் வளைக்கிறார்கள். பெரியவர் கையால் செய்து கொடுத்த பெட்டியின்மேல் ஸ்கேல் வைப்பதும் அவர் சொன்ன சொல்லைச் சந்தேகிப்பதும் ஒன்று. அதனால்தான் பெட்டிக்கேற்ப போர்டு இரண்டு தடவை மாறியது.

"என் பெட்டியையா?" என்றார் மாமனார்.

"மூடியை மட்டும்தான்பா."

"அளக்காதே," என்றார் மூத்த மாப்பிள்ளை அவசரமாக. விற்பனைக்குப் போவதைவிட இது பெரிய ஆபத்தாக அவருக்குப் பட்டது. "நான் ஃபோன்லயே பேசிக்கறேன்."

அவள் அப்பாவுக்குப் பிறந்தவள். இரும்பு ஸ்கேலை மூடியின் குறுக்கே நிறுத்தினாள். இரண்டு ஓரமும் ஒட்டின. நடுவில், ஸ்கேலுக்கும் தகரத்துக்கும் இடையே, ஜன்னல் வெளிச்சம் தெரிந்தது. கறுப்பு வண்ணத்தில் கண்ணுக்குப் படாத மெல்லிய குழி.

அவள் மூடியைத் திருப்பி, உள்பக்கமிருந்து இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினாள். டக் என்று நிமிர்ந்தது. அலமாரியில் தூசி படிந்து கிடந்த முதல் போர்டை எடுத்துவந்து பொருத்தினாள். கார்டு படுத்தது. மூடி சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

மூத்த மாப்பிள்ளை நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். அது அவருடைய நாற்காலிதான். இனி யாரும் கேட்க முடியாது.

மாமனார் மூடியைத் தடவிப் பார்த்தார். "நான் கொடுத்தப்போ கண்ணாடி மாதிரி இருந்துச்சு. குழி எப்படி வந்துச்சு?"

இளையவர் தொண்டையைச் செருமினார். "பட்டறையில ஒரு பேச்சு ஓடுது மாமா. நான் நம்பலை. முதல் போர்டு வர்றதுக்கு முந்தின நாள், நீங்க இது மேல உட்கார்ந்துட்டீங்களாம்."

மாமனாரின் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது.

"என் கையால செஞ்ச பெட்டி மேல நான் உட்காருவேனா? இந்த வயசுல இப்படி ஒரு பழி. பார்த்தவன் எவனாவது இருந்தா முன்னாடி வரச் சொல்லுங்க."

கதவோரம் நின்ற வாட்ச்மேன் ஓரடி முன்னே வந்தார். இருபது வருஷமாக அந்தக் குடும்பத்தின் உப்பைத் தின்றவர். முதலாளிமேல் அபாண்டம் விழுவதை அவரால் தாங்க முடியவில்லை.

"சுத்தப் பொய்ங்க. நான் பக்கத்துலயே இருந்தேன், முதலாளி உட்காரவே இல்லை. கடிகாரத்துக்கு பேட்டரி மாத்த ஏறி நின்னாரு, அதுவும் செருப்பைக் கழட்டிட்டுத்தான்."