மணி அடித்தும் திறக்காத வீடுகள்

ஃபோன் அடித்து அடித்து ஓய்ந்தது. "இவரும் எடுக்கல. போகட்டும், எடுத்தவங்க போதும்" என்று அடுத்த எண்ணை அழுத்தினாள் காதுக்காரம்மா.

காது கேட்கும் கருவி விற்கும் கடையில் அவள்தான் எல்லாம். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஊரே காதுக்காரம்மா என்று கூப்பிட, அவளும் அதற்கே திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள். வாய் என்றால் அப்படி ஒரு வாய்! பேட்டரி வாங்க வந்தவர் தலையில் பிரஷ், பெட்டி, புது மாடல் என்று எதையாவது கட்டாமல் அனுப்பமாட்டாள்.

முதலாளி புதுக் கிளை திறக்கப் போகிறார். "நான் வித்த கருவியில குறை சொல்ல ஆளே கிடையாது சார்" என்று இவள் மார்தட்ட, அவர் பிடித்துக்கொண்டார். "நிரூபிச்சுக் காட்டும்மா. கிளைக்கு நீதான் மேனேஜர். இல்லேன்னா என் மச்சானைப் போட்டுடுவேன்."

மச்சானிடம் கடையா? குரங்கு கையில் பூமாலைதான். 'நான் ஓடி ஓடி வித்ததெல்லாம் அந்த ஆள் நாற்காலி போட்டு உக்காரவா?' என்று அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கருவி வாங்கிய எல்லாருக்கும் ஃபோன் போட்டாள். எடுத்த அத்தனை பேரும் புகழ்ந்து தள்ளினார்கள். முதலாளிக்கு வாயெல்லாம் பல். 'நூற்றுக்கு நூறு திருப்தி' என்று போர்டு எழுதவே சொல்லிவிட்டார்.

வீட்டில் பெருமையாகச் சொன்னாள். நாத்தனார் கல்லூரியில் புள்ளியியல் பாடம் எடுப்பவள். சும்மா இருப்பாளா?

"எடுக்காதவங்க எத்தனை பேர் அண்ணி?"

"பாதிப் பேர் இருக்கும். வெளியூர் போயிருப்பாங்க."

"காது கேக்காதவங்க ஃபோனை எப்படி அண்ணி எடுப்பாங்க?"

சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவனுக்குப் புரையேறியது.

"மணி அடிக்கிறது கேட்டவங்ககிட்டயே 'கேக்குதா'ன்னு கேட்டிருக்கீங்க. கேக்காதவங்க உங்க கணக்குக்குள்ளயே வரல."

"உன்னைக் கட்டிக்கப் போறவன் பாவம்டி!" என்றாள் அண்ணி. ஆனால் தூக்கம் போய்விட்டது.

மறுநாள் ஸ்கூட்டரை எடுத்தாள். நல்ல வண்டிதான், வளைவில் பிரேக் பிடித்தால் மட்டும் எலிக்குஞ்சு மாதிரி மெல்லக் கீச்சென்று கத்தும். ஃபோன் எடுக்காத வீடுகளுக்கெல்லாம் போய் அழைப்பு மணி அடித்தாள். சில கதவுகள் திறந்தன. திறந்தவர்கள் எல்லாரும் புகழ்ந்தார்கள். பல கதவுகள் அசையவே இல்லை. ஒரு வீட்டில் உள்ளே மின்விசிறி ஓடுவதுகூடத் தெரிந்தது. விரல் வலிக்க மணி அடித்தும் ஆள் வரவில்லை.

"அழைப்பு மணிக்கும் காது வேணுமே அண்ணி" என்றாள் நாத்தனார்.

"சரி, மணியே வேணாம். அவங்களா என்னைத் தேடி வரட்டும்!"

கடை வாசலில் ஒரு அறிவிப்பு ஒட்டினாள்: 'கருவியில் குறை உள்ளவர்கள் ஞாயிறு காலை நேரில் வரவும்.' ஞாயிறன்று கடைக்குள் கால் வைக்க இடமில்லை. ஒருவர் கருவியோடு குளித்துவிட்டாராம். இன்னொருவருடையதை நாய் கடித்துவிட்டதாம். ஒரு அம்மாள் எல்லாரையும் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"மருமக என்னைப் பத்தி அடுப்படியில பேசறதெல்லாம் கேக்குது. நிம்மதியே போச்சு. எடுத்துக்கிட்டுப் பணத்தைக் கொடு!"

அந்த நேரம் பார்த்துத்தானா முதலாளி வரவேண்டும்? பின்னாலேயே ஓவியர், 'நூற்றுக்கு நூறு திருப்தி' போர்டைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

"இதான் உன் திருப்தியா?" முதலாளி முகம் சிவந்துவிட்டது. "நாளைக்கே மச்சானுக்குச் சொல்லிடறேன்."

காதுக்காரம்மா அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள். அழுதுகொண்டே நாத்தனாரைத் திட்டினாள்.

"குறை இருக்கறவங்களைக் கூப்பிட்டா குறை இருக்கறவங்கதானே வருவாங்க?" என்று அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள் நாத்தனார். "வந்தவங்களும் கணக்கில்ல, எடுத்தவங்களும் கணக்கில்ல. திறக்காத வீடுங்கதான் கணக்கு. அந்தப் பேரையெல்லாம் சீட்டெழுதிக் குலுக்குங்க. வந்த பேரை விடாதீங்க. ஃபோன் வேணாம், மணி வேணாம். ஆளை நேர்ல பிடிங்க. உங்க முதலாளியையும் கூட்டிட்டுப் போங்க."

"குறைன்னு தெரிஞ்சா?"

"தெரியட்டும். தெரியாம மேனேஜராகி என்ன பண்ணப் போறீங்க?"

அந்தக் கேள்வி அவளுக்கு உறைத்தது. சாப்பாட்டு டப்பாவில் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கி எடுத்துக்கொண்டு மறுநாள் முதலாளி முன் நின்றாள். "ஒரே ஒரு நாள் கொடுங்க சார். அப்புறம் மச்சானுக்கு மாலையே நான் போடறேன்."

முதலாளி முனகிக்கொண்டே காரை எடுத்தார்.

முதல் சீட்டு, மின்விசிறி வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். முதலாளி கேட் அருகே சத்தமில்லாமல் நின்று, பேனா மூடியை ஒரே ஒரு தடவை 'டிக்' என்று அழுத்தினார்.

"யாரு, பேனாவை வெச்சுக்கிட்டு விளையாடறது?" என்றார் தலைமையாசிரியர், திரும்பாமலே.

காதுக்காரம்மாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அடுத்த சீட்டுக்காரர் பூங்காவில் தன் முதுகுக்குப் பின்னால் முதலாளி கிசுகிசுத்ததற்குப் பதில் சொன்னார். அதற்கடுத்த அம்மாள் பக்கத்து வீட்டுச் சண்டையை வரி பிசகாமல் ஒப்பித்தாள். சாயங்காலம்வரை டப்பாவில் கைவிட்டு எடுத்த ஒரு சீட்டுகூட ஏமாற்றவில்லை. அத்தனை பேருக்கும் பாம்புச் செவி!

"கிளை உனக்குத்தாம்மா! மச்சான் கிடக்கான்!" என்று முதலாளி அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவள் சிரித்துக்கொண்டே அழுதாள். நாத்தனாருக்கு ஒரு பட்டுப்புடவை என்று அங்கேயே நேர்ந்துகொண்டாள்.

இருந்தாலும் ஒன்று மட்டும் மண்டையைக் குடைந்தது. திரும்பும் வழியில் தலைமையாசிரியர் வீட்டில் மறுபடி காரை நிறுத்தச் சொன்னாள். வாசலில் அவர் மனைவி நின்றிருந்தாள்.

"சாருக்கு இவ்வளவு நல்லாக் கேக்குது. அப்புறம் ஏம்மா நான் வந்து அத்தனை மணி அடிச்சும் கதவைத் திறக்கல?"

அந்த அம்மாள் வெகுளியாகச் சொன்னாள்: "உன் நம்பர்னா ஃபோனையே எடுக்கமாட்டார். கருவி போட்டதிலேர்ந்து உன் ஸ்கூட்டர் தெருமுனையில கீச்சுங்கறது இவருக்குக் கேட்டுடுதும்மா, 'காதுக்காரம்மா வர்றா, எதையாவது தலையில கட்டிடுவா'ன்னு தெருவுக்கே சொல்லி எல்லாரையும் கதவைச் சாத்தச் சொல்லிடுவார். இன்னிக்கு நீ கார்ல வந்து ஏமாத்திட்டே!"