பட்டினி போடத் தெரியாத பந்தி அண்ணே

கண்ணுக்கே தெரியாத உசுருகளுக்கு வயிறு காயுமேன்னு கவலைப்பட்ட மனுசன், மதுரை ஜில்லாவில் எங்க பந்தி அண்ணே ஒருத்தர்தான். அவரோட நெசப் பேரு ஆபீசுக்கே மறந்துபோச்சு.

ஒத்தக்கடைப் பக்கம் ஒரு ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. தடுப்பூசிக்காக ஃப்ளூ வைரஸை வளர்ப்போம். அது தனியா வளராது. உசுருள்ள செல்லுக்குள்ள புகுந்தாத்தான் பெருகும். அதுக்குன்னே நாயோட சிறுநீரகச் செல்களைக் குடுவைகளில் வளர்த்து வைப்போம். அதுகளுக்குச் சத்துநீர் ஊத்துறது அண்ணே பொறுப்பு.

ஊத்துவாரா? பரிமாறுவார்! "கூச்சப்படாமச் சாப்பிடுங்கய்யா." மைக்ராஸ்கோப்பில் குனிஞ்சு பார்த்துட்டு, "ஓரத்துல இருக்கவுக முகம் வாடிக் கெடக்கு தாயி"ம்பார்.

"செல்லுக்கு ஏதுண்ணே முகம்?"

"வளத்தவனுக்குத் தெரியும்."

தலையில் மல்லிகைப்பூவோட வந்தா வாசல்லயே மறிப்பார். பூவுல இருந்து பூஞ்சை ஒட்டிக்கிட்டா புள்ளைக கதி என்னாகுறதாம்! டைரக்டர் சம்சாரத்தையே திருப்பி அனுப்பின ஆளு.

அந்த வருசம் வைரஸ் வளர்ந்தாத்தான் எனக்கு வேலை நிலைக்கும். பாழாப்போனது வளரவே இல்லை. வைரஸ் பெருகினா செத்து உதிர வேண்டிய செல்லெல்லாம் கல்யாண மாப்பிள்ளை கணக்கா மினுமினுன்னு இருக்கு. "இன்னொரு தடவை சொதப்பினா மூட்டையக் கட்டிக்கம்மா"ன்னுட்டார் டைரக்டர். பாத்ரூமுக்குள்ள போய் அழுதேன்.

இதுல ஒரு விதி உண்டு. செல்லு தெம்பா வளரச் சத்துநீர்ல சீரம்னு மாட்டு ரத்தத்தோட தெளிநீரைக் கலப்போம்; வைரஸ் விடுறதுக்கு முன்னால அதைச் சுத்தமாக் கழுவி எடுத்துறணும். சீரம் இருந்தா வைரஸ் எழும்பாது. நான் கழுவித்தான் வச்சேன். மதியம் சாப்பிடப் போனவ பாதியில திரும்பி வந்தா, அண்ணே என் குடுவையில சீரம் ஊத்திக்கிட்டு இருக்கார்!

"அடப்பாவி அண்ணே! என்ன வேல பாக்குறீக?"

"நோயையும் குடுத்து, சோத்தையும் புடுங்குனா நாயமா தாயி? காய்ச்சக்காரனுக்குக் கஞ்சியாச்சும் ஊத்த வேணாமா?"

"உங்க கஞ்சி என் சோத்துல மண்ணப் போடுதுண்ணே! வைரஸ் வளரலைன்னா எனக்கு வேல போயிரும்!"

மனுசன் ஆடிப்போயிட்டார். "அம்புட்டுக்கு ஆயிருச்சா? இத மொதல்லயே சொல்லக்கூடாதா தாயி?"

மறுபடி முதல்லேருந்து ஆரம்பிச்சோம். இந்தத் தடவை அவரே சீரத்தைக் கழுவி எடுத்தார். "மன்னிச்சுக்கங்கய்யா, புள்ள பொழப்பு"ன்னு ஒவ்வொரு குடுவைகிட்டயும் சொன்னார். வைரஸ் பெருகுச்சு. செல்லுக செத்து உதிர்ந்துச்சு. என் வேலையும் நிலைச்சுது. எல்லாரும் லட்டு தின்னோம், அண்ணே தொடலை.

ஒப்பிட்டுப் பார்க்க, வைரஸ் விடாத குடுவை ஒண்ணு வைப்போம். சோதனை முடிஞ்சா வீசிருவோம். நான் வீசலை, அவர் கையில குடுத்தேன். "இதுகளுக்கு வயிறு நெறயப் போடுங்கண்ணே."

அவர் ஊத்தின பதனத்தைப் பார்க்கையில, அந்தக் குடுவைக்குள்ள நானும் ஒரு செல்லாப் பொறந்திருக்கக் கூடாதான்னு இருந்துச்சு.