புகை போகாத கொட்டகை

கொட்டகைப் புகைக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு வழி பண்ணிவிடுவது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. முடிவெடுத்தவன் குமாஸ்தாவின் மனைவியின் தம்பி. வெல்டர். கேட்ட மாத்திரத்தில் குமாஸ்தா, “எதுக்கு வீண் செலவு?” என்று தடுத்துப் பார்த்தார்.

குடிநீர் அலுவலகத்தில் அவருக்குப் புகார்ப் பிரிவு. ஊரில் எந்தக் குழாய் ஒழுகினாலும் அவர் காதில்தான் வந்து ஒழுகும். வீட்டுக்கு வந்தால் மனைவி. அவள் பாலர் பள்ளி ஆசிரியை. மகளும் கல்யாணமாகிப் போய்விட்டாள். பேச அவளுக்கு அவரைத் தவிர ஆள் கிடையாது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு மனிதனுக்குக் கொஞ்சம் நிசப்தம் வேண்டாமா?

அந்த நிசப்தம் அவருக்குப் பின்கட்டில், விறகு பாய்லர் இருந்த தகரக் கொட்டகையில் கிடைத்தது. வீட்டுக்கு வெந்நீர் அங்கிருந்துதான் வந்தது. விறகு வைக்கிறேன் என்று போவார். கை உடைந்த நாற்காலி, அன்றைய பத்திரிகை, முதுகுக்கு இதமான சூடு. ராஜபோகம்.

அங்கேயும் அவள் வந்துவிட்டால்? அதற்கும் வழி வைத்திருந்தார். புகைக்குழாய்க்குள் ஒரு தகரத் தட்டு. வெளியே அதற்குக் கைப்பிடி. திருகினால் குழாய் அடைபடும். மேலே போகவேண்டிய புகை கொட்டகைக்குள் இறங்கும். முற்றத்தில் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், கை தானாகத் திருகிவிடும்.

“என்னங்க, இன்னைக்கும் புகையா?” அவள் வாசலில் நின்று இருமுவாள்.

“காத்து திருப்பி அடிக்குது. நீ போம்மா, கண்ணு எரியும்.”

“உங்களுக்கு எரியலையா?”

“எனக்குப் பழகிப்போச்சு.”

அவள் போனதும் தட்டைத் திறந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவளுக்காகக் கொஞ்சம் பரிதாபப்படுவார். ஜெயித்தவனுக்கு அவ்வளவு பரிதாபம் கட்டுப்படியாகும்.

ஞாயிறன்று, அக்காவும் மாமாவும் பார்த்திருக்க, வெல்டர் ஏணி போட்டு ஏறினான். குழாயைத் தட்டினான், குனிந்து பார்த்தான். பாய்லரில் விறகைத் திணித்துப் பற்றவைத்தான். புகை பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக மேலே போனது.

“மாமா, நல்லாத்தானே போகுது?”

“காத்து வரட்டும் மாப்ளே, அப்புறம் பாரு.”

அவன் கண் கைப்பிடியில் விழுந்தது. திருகினான். கொட்டகை இருண்டது. மூவரும் இருமிக்கொண்டே முற்றத்துக்கு ஓடிவந்தார்கள்.

“இதை மூடினா ஆளே மயங்கி விழுந்துடுவாங்க! யாரு மாமா மூடுறது?”

குமாஸ்தா வானத்தில் காற்றைத் தேடினார்.

“காத்துதான்டா,” என்றாள் மனைவி. “அந்தக் கைப்பிடி ரொம்ப லூசு.”

“கழட்டிடவாக்கா?”

“வேண்டாம். முழுசா மூடாதபடி பண்ணிக் குடு. கொஞ்சமா புகை வந்தா போதும்.”

வெல்டர் அக்காவைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான். தட்டின் ஓரத்தைப் பெரிதாக வெட்டி மாட்டிவிட்டு, ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான்.

குமாஸ்தா தயங்கித் தயங்கி சமையல்கட்டுக்கு வந்தார். “உனக்குத் தெரியுமா?”

“முற்றத்துல நடக்கும்போதே குழாய் தெரியுதுங்க. என் செருப்புச் சத்தம் கேட்டா மேல புகை நிக்குது. நான் திரும்பினா மறுபடி வருது. காத்துக்கு அவ்வளவு காது இருக்குமா?”

“அப்புறம் எதுக்குத் தினமும் வந்து இருமின?”

அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள்.

“காலையிலேருந்து முப்பது பிள்ளைங்க கத்துறதைக் கேட்டுட்டு வரேன். நீங்க வந்ததும் எந்தத் தெருவுல எந்தக் குழாய் உடைஞ்சுதுன்னு ஆரம்பிப்பீங்க. அங்க வந்து ரெண்டு இருமல் இருமினா, என்னைத் துரத்தின சந்தோஷத்துல சாப்பாடு வரைக்கும் அங்கேயே இருக்கீங்க. வீடு அமைதியா இருக்கு.”

இத்தனை நாளும் வீட்டில் பேசிக்கொண்டிருந்தது யார் என்று அவர் யோசித்தார். அவள் சொன்னதாக ஒன்றையாவது நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். வந்ததெல்லாம் குழாய்கள்.

மறுநாள் கூடத்திலேயே உட்கார்ந்து அவள் பேச்சைக் கேட்பது என்று தீர்மானித்தார். உட்கார்ந்தார். அவள் எதுவும் பேசவில்லை. அவர்தான், “இன்னைக்கு மேலத்தெருவுல ஒரு குழாய்…” என்று ஆரம்பித்தார்.

“பாய்லர் அணையப் போகுதுங்க,” என்றாள்.

எழுந்து போனார். விறகு வைத்தார். பத்திரிகையைப் பிரித்தார். முற்றத்தில் செருப்புச் சத்தம் கேட்டது. அவர் கை கைப்பிடிக்குப் போவதற்குள், வெளியே அவள் இருமி முடித்துவிட்டுத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தாள்.