புன்னகை இணைப்பில் இருக்கிறார்

மனித இனம் பேசக் கற்றுக்கொண்டது ஒரு விபத்து. வாடிக்கையாளரோடு பேசாமலிருக்கக் கற்றுக்கொண்டதுதான் நாகரிகம். எங்கள் ப்ரிட்ஜ் கம்பெனியில் அந்த நாகரிகம் பிறந்தது மாடிப்படிக்குக் கீழே, துடைப்பத்துக்குப் பக்கத்தில். அங்கேதான் டெலிபோன் இணைப்புப் பெட்டி இருந்தது. அதன் தலையில் நான் டீ கிளாஸை வைத்தேன். பிறகு, வைத்ததை மறந்து முழங்கையையும் வைத்தேன்.

புஸ்ஸென்று ஒரு சத்தம். ஆபீஸிலிருந்த அத்தனை டெலிபோன்களும் ஒரே மூச்சில் உயிரை விட்டன.

வேலை போனதென்று நான் மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தபோது மேனேஜர் வந்தார். முகத்தில் தெய்வீக அமைதி.

“காலையிலேர்ந்து ஒரு புகார்கூட வரல. கவனிச்சீங்களா?”

“போன் செத்துப்போச்சு சார்.”

“காரணத்த விடுங்க. ரிசல்ட்டப் பாருங்க.”

இப்படித்தான் எங்கள் இணையதளத்தின் மூலையில் ‘நேரடி உரையாடல்’ என்ற குட்டிப் பெட்டி முளைத்தது. விபத்தை நிகழ்த்திய தகுதியின் அடிப்படையில் நானே அதன் பொறுப்பதிகாரியாக நியமிக்கப்பட்டேன். பெட்டிக்குள்ளிருந்து பதில் சொல்பவரின் பெயர் ‘புன்னகை’. போட்டோவில் பல் தெரியச் சிரிப்பவர் மேனேஜரின் மைத்துனி. ப்ரிட்ஜைப் பற்றி அவர் அறிந்தது, கதவைத் திறந்தால் உள்ளே விளக்கு எரியும் என்பது மட்டுமே. போட்டோவுக்குப் பின்னால் உட்கார்ந்து தட்டியவர்கள் நானும், மின்னல் என்று நாங்கள் கூப்பிடும் ஒரு பெண்ணும். கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் மின்னலின் பதில் போய்ச் சேர்ந்துவிடும். சில நேரம், படிக்க ஆரம்பிப்பதற்கு முன்பே.

அடுத்து ஒரு கொள்கைச் சிக்கல் எழுந்தது. வாடிக்கையாளர் திருப்தியடைந்துவிட்டார் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? மீட்டிங் போட்டோம். பிஸ்கட் தீர்ந்தது, முடிவு வரவில்லை. கடைசியில் நான்தான் வாயைத் திறந்தேன்.

“‘நன்றி’ன்னு சொல்லிட்டா திருப்திதானே சார்? வேற எதுக்குச் சொல்லப் போறாங்க?”

எல்லோரும் கைதட்டினார்கள். அன்றுமுதல், வாடிக்கையாளர் ‘நன்றி’ என்று அடித்த கணத்தில் பெட்டி தானாக மூடிக்கொள்ளும். எங்கள் திரையில் தங்க நட்சத்திரம் ஒன்று விழும். புகார் ‘தீர்ந்தது’ என்று பதிவாகும். திட்டுகிறவர்களுக்கு மட்டும் பெட்டி மூடாது. அவர்கள் விரல் நோகத் திட்டி, கடைசியில் மெக்கானிக்கை வரவழைத்துக்கொண்டார்கள். பாவம், அவர்களுக்குத் திருப்தி என்பதே கிடையாது. மரியாதை தெரிந்தவர்கள்தான் மளமளவென்று திருப்தியடைந்தார்கள்.

ஒரு நாள் ஒரு ‘விருந்தினர்’ வந்தார். எங்கள் பெட்டியில் எல்லோருமே விருந்தினர்கள்தான். பில் நம்பரைப் போட்டால் உள்ளே வரலாம். பெயர் கேட்பது பண்பாடாகாது.

“வணக்கம். ப்ரிட்ஜ் குளிரவில்லை. உள்ளே என் கணவரின் இன்சுலின் இருக்கிறது. தயவுசெய்து சீக்கிரம் ஆள் அனுப்புங்கள். நன்றி.”

பெட்டி மூடியது. நட்சத்திரம் விழுந்தது.

சற்று நேரத்தில் அதே விருந்தினர். “மன்னிக்கவும், நடுவில் இணைப்பு அறுந்துவிட்டது. உங்கள் பொறுமைக்கு நன்றி.”

இன்னொரு நட்சத்திரம்.

எங்கள் மெக்கானிக், வேலை இல்லாமல் பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பவர், என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

“சார், ஊசி மருந்து இருக்குன்றாங்க. அட்ரஸ் குடுங்க, ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்.”

“புகார்தான் தீர்ந்துடுச்சேப்பா.”

“ப்ரிட்ஜு?”

“அது தனி விஷயம்.”

“திருப்தியான வீட்டுக்கு மெக்கானிக் போய் நின்னா நமக்குத்தான் அசிங்கம்ணே” என்றாள் மின்னல், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மாலைக்குள் அந்த ஒரே விருந்தினர் ஒன்பது நட்சத்திரம் கொடுத்துவிட்டார். கம்பெனி வரலாற்றில் ஒரே நாளில் ஒன்பது முறை திருப்தியடைந்த மனிதப் பிறவி வேறு கிடையாது. மறுநாள் காலையில் மேனேஜர் நெகிழ்ந்துபோனார்.

“ஒரு பூங்கொத்தோட நேர்ல போங்க. ரெண்டு கேள்வி கேட்டு, போன்ல வீடியோ எடுத்துட்டு வாங்க. வெப்சைட்ல போட்டுடலாம்.”

பில் நம்பரைப் போட்டு முகவரியை எடுத்தேன். எனக்குப் பழக்கமான முகவரி. ஊழியர் தள்ளுபடியில் நானே வாங்கிக் கொடுத்த ப்ரிட்ஜ். என் அக்கா வீடு.

சாதனையாளர் எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறார் என்று நான் பெருமைப்பட்டிருக்க வேண்டும். நெஞ்சு என்னவோ நிமிர மறுத்தது. பூங்கொத்தைத் தூக்கிவர ஆள் வேண்டுமென்று மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டேன். அவர் தன் பையையும் எடுத்துக்கொண்டார். விதிமுறைப்படி நான் அதைப் பார்க்கவில்லை.

அக்கா கதவைத் திறந்தாள். பூவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“யாருக்குடா இது?”

“உனக்குத்தான். அத்தான் எங்க?”

“படுத்திருக்கார். கெட்டுப்போன மருந்துன்னு தெரியாம காலைல அதையே போட்டுக்கிட்டார். அது வேலை செய்யல, தலைசுத்தி விழுந்துட்டார். டாக்டர் இப்பதான் வந்து பாத்துட்டுப் போறார்.”

மெக்கானிக் பூங்கொத்தை என் கையில் திணித்துவிட்டு, யாரையும் கேட்காமல் ப்ரிட்ஜுக்குப் பின்னால் போய் மண்டியிட்டார்.

“எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமேக்கா.”

“பண்ணேன். ஆபீஸ் நேரத்துல நீ எடுக்க மாட்ட. எதுவானாலும் சாட்ல வாங்க, அதான் இப்ப முறைன்னு போன வாரம் இங்க சோபாவுல உக்காந்து நீதானே பாடம் எடுத்த.”

இப்படிப்பட்ட நேரத்தில் மனிதனைக் காப்பாற்றுவது அலுவலகக் கடமைதான். போனைத் தூக்கிப் பிடித்தேன்.

“எங்கள் சேவையால் உங்கள் பிரச்சினை தீர்ந்ததா?”

“இல்ல.”

அந்தச் சொல்லை எங்கள் கம்பெனியில் நான் கேட்டதே கிடையாது. ‘பரிசீலனையில் உள்ளது’ என்போம். ‘உரியவர்களின் கவனத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது’ என்போம். ‘இல்ல’ இவ்வளவு சின்னச் சொல்லா என்றிருந்தது. போனைக் கீழே இறக்கினேன்.

“அப்புறம் எதுக்குக்கா ஒவ்வொரு தடவையும் நன்றி போட்ட?”

அக்கா என் கையிலிருந்த பூங்கொத்தை வாங்கி, ஓரமாக வைத்தாள்.

“அந்தப் பக்கம் நீ இருப்பேன்னு நெனச்சேண்டா.”