முறைப்பண்ணனும் பொடி ஈக்களும்

வளைகுடாவுக்குப் பிழைக்கப் போனவர்களில் எதற்கும் பயப்படாத ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, முறைப்பண்ணன்தான். விசா கொடுக்கும் கஃபீல், கேம்ப்பை மேய்க்கும் கேம்ப் பாஸ், மெட்ராஸ் ஐ எல்லாம் அவருக்கு ஒன்றுதான்.

மஸ்கட்டில் ரூவிக்கு வெளியே எங்கள் கேம்ப். மெஸ் வாசலிலேயே குப்பை டிரம். அதை மொய்த்த பொடி ஈக்களுக்குச் சோறு, குழம்பு எதுவும் பிடிக்காது, கண்தான் வேண்டும். விரட்டினால் பக்கத்து ஆள் கண்ணில் போய் உட்காரும். இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ, பாதி கேம்ப்புக்குக் கண் சிவந்துவிட்டது. பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று மீதிப் பேர் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டார்கள். டியூட்டி முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கினால் அத்தனை பேரும் சினிமா வில்லன்கள்.

கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கும் ஷட்டரிங் கார்பெண்டரான நம்மவர் மட்டும் கண்ணாடி வாங்கவில்லை. "பாத்தா ஒட்டுமாம்ல! ஈதான்டா ஒட்டவைக்குது" என்று, கண் சிவந்தவர்களைத் தேடிப் போய் அரை அடி தூரத்தில் நின்று முறைப்பார். நோயாளிகளே பயந்து கண்ணை மூடிக்கொண்டார்கள். பெயர் வந்தது அப்படித்தான்.

டிரம்மைத் தள்ளிவைக்கச் சொல்லி மூன்று முறை கேட்டார். கேம்ப் பாஸ் காதில் வாங்கவில்லை.

அப்புறம் எனக்கு வந்தது. எட்டு நாளில் ஊரில் என் கல்யாணம். சிவந்த கண்ணோடு ஃபிளைட்டில் ஏற்றமாட்டார்கள் என்று ரூமில் கிலி கிளப்பினார்கள். என்னை ஸ்டோர் ரூமில் தள்ளி, சாப்பாட்டுத் தட்டை வாசலில் வைத்துவிட்டு ஓடினார்கள்.

முறைப்பண்ணன் மட்டும் உள்ளே வந்தார். நான் அழுதுகொண்டிருந்தேன். வெளியே போய், நாறும் டிரம்மை உருட்டி, கேம்ப் பாஸின் ஏ.சி. அறை வாசலில் நிறுத்தினார்.

"யல்லா, சீக்கிரம் எடு! இல்லேன்னா நாளைக்கே விசா கேன்சல்!" என்று கேம்ப் பாஸ் வெளியே வந்து கத்தினார்.

"பண்ணிக்குங்க சார். டிரம்மு இங்கதான் இருக்கும். ஒங்க கண்ணுலயும் கொஞ்சம் ஒக்காரட்டும்."

அந்த விசாவை நம்பி அவருடைய இரண்டு பெண்கள் பெரம்பலூரில் படித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஸ்டோர் ரூம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அவரோ அசையவில்லை. அரை மணி நேரம் கேம்ப் பாஸ் கண்ணைத் துடைத்தார், கையை வீசினார், மறுபடி துடைத்தார். கடைசியில் "கலாஸ், கலாஸ், போதும்!" என்று அலறி ஆளைக் கூப்பிட்டார். டிரம் மூடி போட்டு மதிலுக்கு அப்பால் போனது. கேன்சல் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

புறப்படும் நாளில் என் கண் தெளிந்திருந்தது. அவருடையதுதான் தக்காளிப்பழமாகச் சிவந்திருந்தது. "இதுவும் ஈ வேலைதான்டா" என்று அப்போதும் சாதித்தார். விடைபெறக் கிட்டே போனேன். சட்டென்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"பாக்காதடா மாப்ள, போ. ஒருவேளை ஒட்டிக்கிடுச்சுன்னா?"

அந்த முதுகையாவது கட்டிப்பிடித்துவிட்டு வந்திருக்கலாம்.