சோபாவை விட்டுவிட்டு எடுத்த படம்

கிள்ளான்,
ஞாயிற்றுக்கிழமை

மதிப்பிற்குரிய பந்திங் மச்சான் கன்னையா அவர்களுக்கு, உங்கள் தங்கை வீரம்மாவின் கணவன் வேலாயுதம் தலைகுனிந்து எழுதுவது. அங்கு எல்லோரும் நலம் என்று உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். இங்கு நலமில்லை. போனை எடுக்க மாட்டேன் என்கிறீர்கள், அனுப்புகிற செய்திக்கெல்லாம் நீலக் கோடு மட்டும் விழுகிறது, அதனால்தான் தபால்.

மச்சான், படம் எடுக்க வீட்டைக் கொடுத்தது என் பெருமைக்காகத்தான், ஒத்துக்கொள்கிறேன். வீட்டைப் படத்துக்கு ஏற்றபடி அமைக்கிற வேலை மஹ்ஜபீன் என்கிற பெண்ணுக்கு. அவள் பார்க்க வருகிறாள் என்றதும் ஹாலுக்குப் பெயின்ட் அடித்தேன், செராஸ் வரை போய்ப் புதுத் திரைச்சீலை வாங்கினேன், கண்ணாடி அலமாரியில் உள்ள பீங்கான் தட்டையெல்லாம் கழுவி அடுக்கினேன், சோபாவின் பிளாஸ்டிக் உறையைக்கூட பளபளவென்று துடைத்து வைத்தேன். வந்தவள் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "அங்கிள், ஆன்டி எங்க உட்காருவாங்க?" என்று கேட்டாள். "இங்கதான் லா" என்று சோபாவைக் காட்டினேன். அவள் அந்த பிளாஸ்டிக்கை விரலால் அழுத்திப் பார்த்தாள், நேராகப் பின்பக்கக் குசினிக்குப் போய்விட்டாள். அங்கே வாஷிங் மெஷினுக்கும் கேஸ் சிலிண்டருக்கும் நடுவில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல். "அங்கிள், இத மட்டும் யாரும் நகர்த்தக் கூடாது, ப்ளீஸ்" என்றாள். ஏதோ ஏழை வீட்டுக் காட்சி ஒன்று எடுப்பார்கள் போல என்று நானும் விட்டுவிட்டேன், சத்தியமாக மச்சான்.

படம் வெளிவந்ததும் பிரிக்ஃபீல்ட்ஸ் தியேட்டரில் முதல் காட்சிக்கு உங்கள் குடும்பத்தை வரச்சொன்னதும், கோயில் கமிட்டி மொத்தத்தையும் வேன் பிடித்துக் கூட்டி வந்ததும் நான்தான். "நம்ம ஹால் வரும், நல்லா பாருங்க" என்று தலைவரிடம் வேறு சொல்லி வைத்திருந்தேன். ஹால் வந்தது, குசினிக் கதவு வழியாக, எங்கோ தூரத்தில், என் சோபா கட்டைவிரல் அளவுக்கு! கேமராவை அந்த ஸ்டூலுக்குப் பின்னால் வைக்கச் சொல்லிவிட்டாள் அந்த மஹ்ஜபீன் பாவி. கதாநாயகி அதில் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஆறிப்போன சோற்றைத் தின்கிறாள். தூரத்துச் சோபாவில் புருஷன்காரன் கால் மட்டும் நீட்டினபடி தெரிகிறது. தியேட்டர் பூராவும் மூக்கைச் சிந்துகிறது. உங்கள் வீட்டுக்கார அக்கா அந்த இருட்டில், "ஐயோ, இது நம்ம வீரம்மா ஸ்டூல்லா!" என்று சத்தமாகச் சொல்ல, கமிட்டி மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. மானமே போச்சு மச்சான், நாற்காலிக்கு அடியில் பூந்துக்கலாம் போல இருந்துச்சு.

வெளியே வந்து நீங்கள் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். "ஏறும்மா" என்று மட்டும் சொன்னீர்கள், வீரம்மாவும் என்னைத் திரும்பிப் பார்க்காமல் உங்கள் காரில் ஏறிவிட்டாள். சோபாவில் உட்காராதே என்று நான் ஒரு நாளாவது சொன்னதுண்டா, நீங்களே அவளைக் கேளுங்கள். விருந்தாளிக்கென்று வாங்கிப் போட்டது, அவளாகத்தான் ஒதுங்கிக்கொண்டாள். சினிமாக்காரர்கள் எதையும் கூட்டித்தான் காட்டுவார்கள், உங்களுக்குத் தெரியாததா?

இப்போது பிளாஸ்டிக்கைக் கிழித்துப் போட்டுவிட்டேன். ஸ்டூலைக் குப்பை லோரியில் ஏற்றிவிட்டேன். கோயில் பக்கம் போக வெட்கமாக இருக்கிறது, கடைக்குப் போனால் "படத்துல வந்த வீட்டு அங்கிள்" என்கிறார்கள், சோறு ஒரு நாள் குழைகிறது, ஒரு நாள் கருகுகிறது. தயவுசெய்து வீரம்மாவை இந்த வாரமே அனுப்பி வையுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி, உங்கள் கோபம் சீக்கிரம் ஆற முருகன் அருளட்டும்.

இப்படிக்கு,
முகம் காட்ட முடியாத
வேலாயுதம்

பி.கு.: ஸ்டூலை லோரியில் ஏற்றியதாக எழுதியது பொய். வாசல் வரை தூக்கிப் போனேன், லோரி வரவில்லை. திரும்பக் கொண்டுவந்து அதே இடத்தில் போட்டு, மதியச் சோற்றை அதில் உட்கார்ந்து தின்று பார்த்தேன். ஹாலில் சுற்றுகிற காற்றாடியின் காற்று அங்கே வருவதே இல்லை மச்சான். டிவியில் சிரிக்கிற சத்தம் கேட்கிறது, எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியவில்லை. அந்த மஹ்ஜபீன் எதையும் கூட்டிக் காட்டவில்லை. வீரம்மாவை அனுப்ப வேண்டாம். அவளுக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது வரட்டும், வராவிட்டாலும் ஏன் என்று கேட்க எனக்கு வாயில்லை. உங்கள் வீட்டில் அவள் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள்.