புரண்டு படுத்த பொத்தான்கள்

மனித குலத்தின் மாபெரும் துயரம் பசியும் அல்ல, பிணியும் அல்ல. தான் எந்தப் பக்கமாகப் படுத்திருக்கிறோம் என்பதற்கு ஓர் அத்தாட்சியும் இல்லாமல் இத்தனை ஆயிரம் ஆண்டுகளாக மனிதன் படுத்துப் படுத்து எழுந்திருக்கிறானே, அதுதான். அந்த இருளைப் போக்கிய பெருமை ஒரு மருத்துவமனையின் தர மேம்பாட்டு அலுவலரையே சேரும். அவர் டாக்டர் அல்ல. நோயாளியைத் தொட்டுப் பழக்கமும் கிடையாது. அதனால்தான் நோயாளிகளைப் பற்றி அவரால் நடுநிலையோடு முடிவெடுக்க முடிந்தது.

அந்த மருத்துவமனையின் இரண்டாவது மாடியில் நீண்டகாலப் பராமரிப்பு வார்டு இருந்தது. தானாகப் புரண்டு படுக்க முடியாத முப்பது பேர் அங்கே கிடந்தார்கள். இப்படிப்பட்டவர்களை ஒரே பக்கமாக விட்டுவிட்டால் முதுகுத் தோல் வெந்து, படுக்கைப் புண் வந்துவிடும். ஆகவே இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை யாராவது புரட்டிப் போட வேண்டும். இரண்டு ஆயாக்கள் சேர்ந்து வருவார்கள். ஒருத்தி தோளைப் பிடிப்பாள், இன்னொருத்தி இடுப்பைப் பிடிப்பாள். "பெரியவரே, கையை நெஞ்சு மேல போட்டுக்குங்க" என்று சொல்லி ஒரே மூச்சில் திருப்பி, முதுகுக்குத் தலையணை கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவார்கள். இந்தக் காட்டுமிராண்டி முறை பல வருடங்களாக நடந்துவந்தது.

அலுவலர் ஒருநாள் வார்டுக்கு வந்து இதைப் பார்த்தார்.

"நீங்க இவரைப் புரட்டினதுக்கு என்ன ஆதாரம்?"

"அவரே திரும்பிப் படுத்திருக்காரே சார்" என்றாள் ஆயா.

"அது நிகழ்வு. நான் கேக்கறது ஆதாரம்."

ஆதாரத்துக்கு வழி அலுவலருக்கே தெரிந்திருந்தது. செல்போனைச் சாய்த்தால் படமும் கூடவே சாய்கிறதல்லவா, அதற்கென்று உள்ளே ஒரு குட்டிச் சில்லு உண்டு. எது மேலே, எது கீழே, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதெல்லாம் அதற்கு அத்துப்படி. அதையே சட்டைப் பொத்தான் அளவுக்குத் தனியாகச் செய்து, கொசுவத்தியை விட மலிவாக விற்கிறார்கள். அலுவலர் நோயாளிக்கு ஒன்று வீதம் வாங்கி, நெஞ்சில் பிளாஸ்திரி போட்டு ஒட்டச் செய்தார். தன் அறையில் ஒரு பெரிய திரையை மாட்டினார். திரையில் கட்டிலுக்கு ஒரு கட்டம். நேரத்துக்குப் புரட்டினால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. பொத்தான்கள் முறைப்படி மருத்துவமனையின் சொத்துப் பட்டியலில் ஏற்றப்பட்டன. நோயாளிகளுக்கு அந்தப் பட்டியலில் இடம் கிடையாது.

இனிப் பொத்தான்களே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்பதால் வார்டின் எட்டு ஆயாக்களில் ஏழு பேர் கௌரவமான வேலைக்கு மாற்றப்பட்டார்கள். திரைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைக்கப்பட்டார்கள். ஆக, புரட்டுவதற்கு ஒரே ஒரு ஆயா, அவள் புரட்டினாளா என்று பார்ப்பதற்கு ஏழு பேர் என்று வார்டு நவீனமாயிற்று.

முதல் வாரம் திரை முழுக்கச் சிவப்பாக இருந்தது. உடனே "அவசர ஆய்வுக் கூட்டம்" கூட்டப்பட்டது.

"ஒரு ஆளால ஒருத்தரைப் புரட்ட முடியாது சார். ரெண்டு பேர் வேணும்" என்றார் தலைமை சிஸ்டர்.

"சிவப்புக்கு என்ன காரணம்னு மட்டும் சொல்லுங்க சிஸ்டர்."

"அதுதான் சார் காரணம்."

"அது காரணம் இல்ல, கோரிக்கை. கோரிக்கையை அடுத்த வருஷம் பார்க்கலாம். வேற?"

"பிளாஸ்திரி அரிக்குதுன்னு எல்லாரும் பிச்சுப் போடறாங்க. வேர்வை பட்டு ரெண்டு பொத்தான் செத்துப்போச்சு. ஒரு பாட்டியம்மா மாத்திரைன்னு நினைச்சு வாயில போட்டுட்டாங்க."

அலுவலர் பதறிப்போனார். "ஐயையோ. வேலை செய்யுதா?"

"நல்லா இருக்காங்க சார், துப்பிட்டாங்க."

"நான் பொத்தானைக் கேட்டேன்."

அன்று மாலையே சுற்றறிக்கை வெளியானது. அலுவலரே சொந்தமாக எழுதியது. நிர்வாக இலக்கியத்தில் அதற்கு நிகராக இன்னொன்றை நான் படித்ததில்லை: "கருவிகளை நோயாளிகளிடமிருந்து பாதுகாக்கும் பொருட்டு, அவற்றை உடலில் ஒட்டாமல் தலைமாட்டில் ஒரு தட்டில் வைக்கவும். நோயாளியைப் புரட்டும்போதெல்லாம் கருவியையும் அதே பக்கமாகப் புரட்டவும். ஆள் பற்றாக்குறை ஏற்படுமாயின், கருவிக்கு முன்னுரிமை அளிக்கவும்."

ஆள் பற்றாக்குறை அந்த நிமிடமே ஏற்பட்டது. பிறகு தீரவே இல்லை.

மறுநாளிலிருந்து திரை பச்சைப்பசேல் என்று ஆகிவிட்டது. ஆயா இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வார்டை ஒரு சுற்றுச் சுற்றுவாள். ஒவ்வொரு தட்டிலும் பொத்தானை ஒரு விரலால் தள்ளிப் புரட்டிவிட்டு, சூடு ஆறுவதற்குள் டீயைக் குடிக்கத் திரும்பிவிடுவாள். அவளையும் குறை சொல்வதற்கில்லை. கொடுத்த வேலையை ஒருநாளும் அவள் தட்டிக் கழித்ததில்லை. இயக்குநர் அலுவலரின் தோளில் தட்டிக் கொடுத்தார். வேறு மருத்துவமனைகளிலிருந்து ஆட்கள் வந்து திரையைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். வார்டுப் பக்கம் யாரும் போகவில்லை. அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? தேசிய விருதுக்கு இந்த வார்டைப் பரிசீலிப்பதாகவும், ஒரு குழு நேரில் வரப்போவதாகவும் கடிதம் வந்தது.

இந்தச் சமயத்தில்தான் அலுவலரின் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது.

அப்பா ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். நல்ல கனத்த உடம்பு. ஒரு பக்கம் முழுசாக விழுந்துவிட்டது. பேச்சு மட்டும் குழறிக் குழறி வந்தது. அலுவலர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "வேற எங்க சேர்த்தாலும் இந்த வசதி கிடைக்காது" என்று உறவினர்களிடம் சொல்லி, தன் வார்டிலேயே சேர்த்தார். அவருக்கு அப்பா என்றால் உயிர். இதில் கேலி எதுவும் இல்லை. கூட்டத்தின் நடுவில்கூட மேசைக்கு அடியில் செல்போனை எடுத்து அப்பாவின் கட்டம் பச்சையாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வார். பச்சையைப் பார்த்ததும் முகத்தில் ஒரு நிம்மதி வரும். பெற்றவரை இத்தனை தடவை பார்க்கும் பிள்ளை அந்தக் கட்டடத்திலேயே வேறு யாரும் இல்லை. கட்டிலருகே போவதற்குத்தான் நேரம் கிடைப்பதில்லை.

வார்டிலும் "சாரோட அப்பா" என்றால் தனி மரியாதை. அவருடைய பொத்தானுக்கு மட்டும் தட்டில் மெத்தென்று ஒரு துணி விரித்திருந்தார்கள். மற்றவை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரண்டால் இது மணிக்கு ஒருமுறை புரண்டது. அலுவலர் இதைத் திரையில் கவனித்தார். கண் கலங்கிவிட்டது. ஆயாவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"எங்கப்பாவை ரொம்ப நல்லாப் பாத்துக்கறீங்க. எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல."

"பாக்காம இருப்பனா சார்? மத்ததையெல்லாம் ஒரு விரல்ல தள்ளிட்டுப் போயிடுவேன். இதை மட்டும் ரெண்டு கையாலயும் எடுத்துப் பதமாத் திருப்பி வைக்கறேன்."

"இது" என்று அவள் சொன்னது எதை என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை.

ஒருநாள் நேரம் வாய்த்தது. அப்பாவிடம் போனார்.

"முதுகு... எரியுதுடா" என்றார் அப்பா.

அலுவலர் செல்போனைப் பார்த்தார். "எப்படிப்பா எரியும்? நீங்க இப்ப இடது பக்கமா படுத்திருக்கீங்க."

அப்பா நேர் மேலே பார்த்தார். "அப்ப... ஃபேன் எப்படிடா... தெரியுது?"

"கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும்பா. மலிவான கருவி."

அப்பா வாழ்நாள் முழுக்க எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்று பார்த்துப் பார்த்துப் பஸ் ஓட்டியவர். இப்போது பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார் போலிருக்கிறது. அலுவலர் போர்வையை இழுத்துச் சரிசெய்துவிட்டு, விருதுக்குழுவை வரவேற்கும் ஏற்பாடுகளைக் கவனிக்கப் போனார்.

குழு வருகிற அன்று காலையில் அலுவலரின் அக்கா வந்து இறங்கினாள். வெளியூரில் குடும்பத்தோடு இருப்பவள். அப்பாவைப் பார்க்க அப்போதுதான் வரமுடிந்தது. கட்டிலை நெருங்கியதுமே மூக்கைச் சுளித்தாள்.

"என்னடா நாத்தம் இது?"

"மருந்து வாடைக்கா. ஆஸ்பத்திரின்னா அப்படித்தான் இருக்கும்."

"நாலு பிள்ளை பெத்தவ நான். எனக்கு மருந்து வாடை தெரியாதா? அப்பா முதுகை எப்ப பார்த்தே?"

"பார்க்க வேண்டியதே இல்லக்கா. இங்க பாரு, பச்சை. மணிக்கு ஒரு தடவை திரும்பியிருக்கார்."

அக்கா செல்போனைப் பார்க்கவில்லை. அப்பாவின் முதுகுக்குக் கீழே கையை விட்டாள். விரிப்பு ஈரமாக இருந்தது. "சிஸ்டர், கொஞ்சம் ஒரு கை பிடிங்க" என்று தலைமை சிஸ்டரைக் கூப்பிட்டாள். இருவருமாகச் சேர்ந்து மெல்லத் திருப்பினார்கள். அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு முனகினார்.

இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பு முடிகிற இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குச் சதை பிய்ந்திருந்தது. நடுவில் எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது.

அலுவலர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கையிலிருந்த செல்போனில் அப்பாவின் கட்டம் "வலது பக்கம், நலம்" என்றது. இது நான் செய்தது என்று அவருக்குள் ஒன்று சொன்னது. இவ்வளவு தெளிவாக எந்தக் கருவியும் அவருக்கு எதையும் சொன்னதில்லை. மணிக்கு ஒருமுறை திரும்பியது எது என்று காட்ட, தலைமை சிஸ்டர் தலைமாட்டுத் தட்டிலிருந்த பொத்தானை அக்காவிடம் எடுத்து நீட்டினார்.

"உன் பொத்தானைத் திருப்ப மணிக்கு ஒரு தடவை ஆள் வருது" என்றாள் அக்கா, குரலை உயர்த்தாமல். "பெத்த அப்பனைத் திருப்ப நான் ரயிலேறி வரணுமாடா?"

அவர் வாயைத் திறப்பதற்குள் வார்டுக் கதவு திறந்தது. இயக்குநர் முன்னால் வர, பின்னால் விருதுக்குழு வந்தது. வழக்கமாக யாரும் நுழையாத இடம் என்பதால் கட்டில்களுக்கு நடுவே எப்படி நடப்பது என்றே அவர்களுக்குத் தெரியவில்லை. முட்டி மோதிக்கொண்டு, மறைப்புத் துணி இழுத்துவிடாமல் கிடந்த அந்தக் கட்டிலருகே வந்து நின்றார்கள்.

"இது என்ன?" என்றார் குழுத் தலைவர்.

"படுக்கைப் புண் சார்" என்றார் தலைமை சிஸ்டர்.

தலைவர் கையிலிருந்த கருவிப் பதிவைப் புரட்டினார். "இருக்க முடியாதே. பதிவுல எல்லாம் பச்சையா இருக்கு. சொல்லப்போனா இந்த வார்டுலயே அதிகமாத் திரும்பினவர் இவர்தான்."

"அதிகமாத் திரும்பினதால வந்ததா இருக்குமோ?" என்று ஓர் உறுப்பினர் ஆழ்ந்த யோசனையோடு கேட்டார். இன்னொருவர் அதைக் குறித்துக்கொண்டார்.

தலைவர் அலுவலரைப் பார்த்தார். "நோயாளியோட குடும்பத்துல இருந்து ஏதாவது புகார் வந்திருக்கா? அப்படி இருந்தா எங்களால விருது கொடுக்க முடியாது. விதி அப்படி."

அக்கா தம்பியைப் பார்த்தாள். அப்பாவின் முகம் முதல்முறையாக நிஜமாகவே இந்தப் பக்கம் திரும்பியிருந்தது. அவரும் பிள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "இவர் எங்கப்பா" என்று சொன்னால் போதும். இரண்டே வார்த்தை. பொத்தான்கள் குப்பைக்குப் போகும், ஏழு ஆயாக்களும் நாற்காலியை விட்டு எழுந்து வார்டுக்கு வருவார்கள், மற்ற கட்டில்களில் விரிப்பைத் தூக்கிப் பார்ப்பார்கள். அங்கேயும் என்னென்ன இருக்கும் என்பது அலுவலருக்கு இப்போது தெரியும். இயக்குநர் அவருக்குப் பின்னால் நின்று மெல்லக் கனைத்தார்.

அலுவலர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"குடும்பத்தார் தரப்பில் புகார் எதுவும் இல்லை சார்" என்றார்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "பார்வையாளர்கள் தயவுசெய்து வெளியே இருக்கவும்" என்று யாரோ அவளைக் கதவுக்கு அப்பால் கொண்டுபோய் விட்டார்கள்.

பிறகு குழு தன் முறையான ஆய்வைத் தொடங்கியது. கட்டில் கட்டிலாகப் போய், தட்டுத் தட்டாக எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தது. அன்று மாலையே விருது அறிவிக்கப்பட்டது. பாராட்டுப் பத்திரத்தை அலுவலரே ஒலிபெருக்கியில் வாசித்தார். குரல் ஓரிடத்தில் மட்டும் லேசாகக் கம்மியது; பெருமிதம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அந்த வாசகம் இதுதான்: "இவ்வார்டின் கருவிகள் அனைத்தையும் குழு முன்னும் பின்னும் புரட்டிப் பரிசோதித்தது. ஒன்றுக்குக்கூட முதுகில் புண் இல்லை."